ஷிப்ட் விடும் நேரத்துக்கு வந்து பார்

மூக்கண்டப்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு ஹரீஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிர் ஊரில் நீயும் சரிதாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கடை திறந்ததும் சாமிக்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டுத்தான் பாலை அடுப்பில் ஏற்றுகிறேன். போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ பேசும்போது படம் நன்றாகத்தான் வருகிறது, நான் வாயைத் திறந்தால் மட்டும் நின்றுவிடுகிறது, அது ஓடினால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதம் நடுவில் நிற்காது பார். சரிதாவின் சித்தப்பா கனடாவுக்குக் கிளம்புகிறார், அவர் பெட்டியில் கேழ்வரகு மாவும் மாங்காய்த் தொக்கும் வைத்து அதற்கு மேலே இதையும் வைத்து அனுப்புகிறேன். தொக்கை முதலில் பத்திரப்படுத்திவிட்டு உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, கல்லாவில் உட்கார்ந்தபடியே ஊர் நியாயம் பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டார். தளியில் உன் பெரியம்மா தோட்டத்தில் ரோஜா நன்றாக வந்திருக்கிறது, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ கூப்பிட்டு, அம்மா அந்த வீடியோவில் இருந்து உன் பேரை எடுக்கச் சொல்லு, என் வேலைக்கு இடைஞ்சல் வரும் என்று சொன்னாயே, அதற்கு என் பதில் இதுதான். எடுக்க மாட்டேன். ஏன் என்று கேட்காமலேயே நீ போனை வைத்துவிட்டாய். உன்னிடம் போட்டுக் கொடுத்தது உன் அப்பாதான் என்று எனக்குத் தெரியும், அவர் சொன்னால் கதைக்குத் தலையும் இருக்காது வாலும் இருக்காது, அதனால் நானே முதலில் இருந்து சொல்கிறேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் பெங்களூரில் இருந்து ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்காரர்கள் நம் டீக்கடைக்கு வந்தார்கள். கவிப்ரியா என்று ஒரு பெண், கெட்டிக்காரி, ஆனால் வெயிலில் நின்று பழக்கமில்லை. டிவி படம் டவரில் இருந்து நேராகப் போனுக்கே வருமாம், நெட் வேண்டாம், சிம் கூட வேண்டாம், ரேடியோ மாதிரி. ஒருத்தர் பார்த்தாலும் ஊரே பார்த்தாலும் திணறாதாம். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் சோதனைக்கு ஒரு டவர் வைத்திருக்கிறார்கள், அது இந்தப் பக்கம் எதுவரை எடுக்கிறது என்று பார்க்க வந்தார்கள். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் நிற்காமல் எல்லை தாண்டி வருகிற ஒரே வண்டி இந்தப் படம்தான் என்று அப்பா சிரித்தார். அந்தப் பெண் நெட் எப்படி இருக்கிறது என்றும் அளந்து பார்த்தாள். காலைப் பலகாரம் முடிந்து ரோட்டில் நாய்கூட இல்லாத நேரம், நெட் பறந்தது. இந்த ஏரியாவில் நெட் சூப்பர், இது தேவையில்லை என்று எழுதப் போனாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இப்ப வந்து பாத்தா என்ன பாப்பா தெரியும், ஷிப்ட் உடற நேரத்துக்கு வந்து பாரு, இந்த ரோட்டுல நிக்க எடம் இருக்காது, அப்ப உன் மிஷினை எடு என்று சொன்னேன்.

உனக்கு நினைவிருக்கும், மறந்திருந்தால் சொல்கிறேன். எதிரே ஃபேக்டரிக்கு உள்ளே போகிறவன் எல்லாம் போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஷிப்ட் விட்டதும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் போனை வாங்கி ஒரே சமயத்தில் உயிர் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான், எல்லாருக்கும் அந்த வட்டம் சுற்றும். பெண்டாட்டிக்குப் போன் போகாது, பஸ் எங்கே வருகிறது என்று தெரியாது. வீட்டுக்குப் போகிற நேரத்தில்தான் மனுஷனுக்குச் சேதி வேண்டும், அந்த நேரத்தில்தான் அது செத்துக் கிடக்கும். கவிப்ரியா சாயங்காலம் திரும்பி வந்தாள், பார்த்தாள், வாயைப் பிளந்தாள். எழுதினதை அடித்துவிட்டு, சோதனைப் போன் ஒன்றை என் கையில் கொடுத்து, மழைக்காலம் முடிகிறவரை வைத்துப் பாருங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பொய் சொல்ல மாட்டேன், கடைக்குள்ளே தகரக் கூரைக்கு அடியில் அதில் ஒன்றும் வராது. வெளியே புங்க மரத்தடிக்குப் போனால் கண்ணாடி மாதிரி வரும். அதில் வந்த சானலும் நாலைந்துதான், பாதி கன்னடம். எல்லையோரத் தளியில் பிறந்தவளுக்குக் கன்னடம் ஒரு பாரமா?

இனிமேல்தான் முக்கியமானது. ஐப்பசியில் பெங்களூர்ப் பக்கம் விடாமல் மழை. தென்பெண்ணையில் தண்ணீர் கூடினால் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே கழிவு நுரை எப்படிக் கிளம்பும் என்று உனக்கே தெரியும், நீயும் சின்ன வயதில் அதில் இறங்கி என்னிடம் அடி வாங்கியவன்தானே. அங்கே இருக்கிற தரைப்பாலத்தை நுரை மூடிவிட்டால் ரோடு எது ஆறு எது என்று தெரியாது. வெளியூர்க்காரன் பயந்து நின்றுவிடுவான், நம் ஆட்கள் இருக்கிறார்களே, தினம் பார்த்த நுரைதானே என்று வண்டியை உள்ளே விடுவார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இவர்களுக்குத்தான். மாரிமுத்து என்று ஒரு பையன், திருநெல்வேலிப் பக்கம், இங்கே நாலு வருஷம் காண்ட்ராக்டில் இருந்து அவனும் நம் ஆள் மாதிரியே ஆகிவிட்டான். பாலத்துக்கு அந்தப் பக்கம் லைன் வீட்டில் பெண்டாட்டி ரேவதியும் கைக்குழந்தையும். அன்று சாயங்காலம் ஷிப்ட் விட்டு வந்தான், கொட்டுகிற மழை, போனில் வட்டம் சுற்றுகிறது, குரூப்பில் காலையில் யாரோ எடுத்துப் போட்ட நுரை வீடியோதான் நிற்கிறது, அதற்குக் கீழே எல்லாரும் சிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுக்கப் போனான்.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னடத்தில் சொல்கிறார்கள், மேலே மழை அதிகம், தென்பெண்ணையில் தண்ணீர் வேகமாக ஏறுகிறது, தமிழ்நாட்டுப் பக்கம் தரைப்பாலங்களில் யாரும் இறங்க வேண்டாம் என்று. ஆற்றைப் படத்திலும் காட்டினார்கள், நுரை விலகின இடத்தில் தண்ணீர் கல்லைப் புரட்டிக்கொண்டு வருகிறது. ஓடிப்போய் மாரிமுத்து வண்டிச் சாவியைப் பிடுங்கினேன். அவனுக்கு வந்ததே கோபம். சாவியத் தாங்கக்கா, பொண்டாட்டி பிள்ள தனியாக் கெடக்கு, நீங்க யாரு என்னத் தடுக்க என்று கத்தினான். யாராயிருந்தா என்ன, மொதல்ல இதப் பாருடா என்று போனை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு நம் பக்கத்துப் பஞ்சர் கடை இலியாஸ் அண்ணன் தன் வண்டியில் ஏற்றி, ஹைவே வழியாகச் சுற்றிக்கொண்டு போய் அவனை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அவனுக்கு முன்னால் கிளம்பிப் போன இரண்டு பேர் பாலத்தில் இறங்கிவிட்டார்கள். வண்டி போய்விட்டது, ஆட்களை ஊர்க்காரர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள், சாமி புண்ணியத்தில் உயிர் தப்பியது. மறுநாள் ரேவதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். நானும் அழுதேன், அவளும் அழுதாள், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

இதைத்தான் கவிப்ரியாவின் கேமரா முன்னால் சொன்னேன். எல்லாப் போனிலும் இந்த வசதி வேண்டும் என்று கேட்டு, இது வேண்டுமா வேண்டாமா என்று எல்லாரிடமும் கருத்துக் கேட்கிற சர்க்கார் விசாரணைக்கு அதை அனுப்பப் போகிறார்களாம். யார் யார் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று அந்தப் பெண் படித்துக் காட்டினாள். அதில் போன் செய்கிற உன் கம்பெனி பேர் வந்தது. அது என் மகன் வேலை செய்யிற எடம் பாப்பா என்று சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது, உங்க பேரை வேணும்னா எடுத்துடறேம்மா என்றாள். வேண்டாம், பேர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் நீ போனில் சொன்னாயே, வேண்டாம்னு அந்தப் பதிலை எழுதிய குழுவில் நானும் இருக்கேம்மா என்று, அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். உன்னைப் படிக்க வைத்ததில் எனக்குப் பெருமை உண்டு, அது இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் இந்த கேட்டுக்கு எதிரே டீ கிளாஸ் கழுவி வளர்ந்தவன் நீ. ஷிப்ட் விடும் நேரம் உனக்குத் தெரியாதா?

நீ சொன்ன காரணத்தையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். போன் விலை ஏறும், சூடாகும், சார்ஜ் நிற்காது என்றாய். பின்னால் மூன்று கண் நாலு கண் என்று கேமரா வைத்துக்கொண்டே போகிறீர்களே, அதை எந்தத் தாய் வந்து கேட்டாள்? பழைய போனில் இயர்போன் வயரைச் சொருகினால் ரேடியோ பாடும், எனக்கு மாவாட்டும்போது அதுதான் துணை, அதையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டீர்கள். நெட்டே இன்னும் நன்றாக ஆகிவிடும் என்றாய். ஆகட்டும், சந்தோஷம், ஆகிறவரை ஆறு காத்திருக்குமா? இந்தக் காலத்தில் அவரவர் இஷ்டப்பட்டதை அவரவர் பார்க்கிறார்கள், டிவியை யார் பார்க்கிறார்கள் என்றாய். பார்க்கட்டும், நானும்தான் பார்க்கிறேன். ஆற்றுத் தண்ணீர் அவரவர் இஷ்டத்துக்கா வருகிறது? ஆபத்து என்றால் எல்லாப் போனும் கூவுகிற ஏற்பாடுதான் இருக்கிறதே என்றாய். கூவட்டும், அதுவும் வேண்டும். கூவினால் பயப்படத்தான் தெரியும், எதற்கு என்று தெரியாது. அன்று மாரிமுத்து என் பேச்சைக் கேட்கவில்லை கண்ணு, படத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்தான்.

அப்பா சொல்கிறார், புள்ள பொழப்புல மண்ணைப் போடாத, வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு என்று. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பதிலுக்குச் சொன்னேன், அதில் இருந்து என்னிடம் அளந்துதான் பேசுகிறார். கடையை மூடிவிட்டு இங்கே வந்து என்னோடு இரு என்று நீ கூப்பிடுவதும் பாசத்தில்தான் என்று தெரியும். வரமாட்டேன். நீ வா. உன் பெரிய ஆபீசர்களையும் கூட்டிக்கொண்டு வா, கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காலையில் வந்துவிட்டுப் போகாதீர்கள், மழை நாளில் சாயங்காலம் ஷிப்ட் விடும்போது வாருங்கள். எல்லாருக்கும் நான் டீ போட்டுத் தருகிறேன். அவர்கள் போனில் வட்டம் சுற்றட்டும், குடித்துக்கொண்டே பார்க்கட்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று எழுத உங்களுக்குக் கை வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். இந்த விசாரணையில் நாங்கள் தோற்றாலும் அடுத்த விசாரணைக்கும் என் பேர் வரும், சொல்லிவிட்டேன்.

நீயும் சரிதாவும் நோய் நொடி இல்லாமல், பதினாறும் பெற்று நன்றாக இருக்க வேண்டும். கெலவரப்பள்ளித் தண்ணீரைக் கடந்து வளர்ந்தவன், உனக்கு எந்த ஊரிலும் ஒன்றும் ஆகாது. பனியில் தலைக்குக் குல்லா இல்லாமல் வெளியே போகாதே. சரிதாவைத் தைராய்டு மாத்திரையை மறக்காமல் போடச் சொல். தொக்கில் ஈரக் கரண்டி படக்கூடாது. இன்னும் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அந்த விசாரணைப் பேப்பர் ஒருநாள் உன் மேசைக்கு வரும். அதில் முனிலட்சுமி, டீக்கடை, மூக்கண்டப்பள்ளி என்று போட்டிருக்கும். யார் இந்த அம்மா என்று உன் ஆபீசர் கேட்டால், நீ என் பக்கம் பேச வேண்டாம், உன் வேலையைப் பார். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே.

என்றும் உன் அம்மா,
முனிலட்சுமி