சாட்சிகளுக்கு ஆறு பொத்தான்

14 நவம்பர் 2023, செவ்வாய்

தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்த வருஷம். மாநிலத் தேர்தல் கொடிகள் பெடாஸ் சாலையில் இன்னும் கிழிந்து தொங்குகின்றன. எங்கள் ரப்பர் தோட்டத்து மூணாம் டிவிஷனில், வரிசை வீடுகளாக மிச்சமிருந்த ஒரே லயத்தையும் மண்வாரி வைத்துத் தள்ளியது இந்த வருஷம்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் அது கண்டதையும் எழுதிவிடும். அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன் மாதிரி பேசப் பழகிக்கொண்டேன். வலைப்பூவுக்கும் இப்படித்தான் சொல்கிறேன். அது ஊருக்கு. இது எனக்கு.

17 நவம்பர்

சாயங்காலம் என் மகள் புனிதா கிளினிக் வேலை முடிந்து வந்ததும் ஒரு டிக்டாக் காட்டினாள். பேசுகிறவன் பெயர் நிஷாந்தன். எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதின கிராணி சிவசிதம்பரத்தின் பேரன். கோலாலம்பூரில் பெரிய வேலையாம்.

மார்ச் மாதம் என் வலைப்பூவில் நான் சொன்ன கதையைத்தான் அவன் சொல்கிறான். என் அக்கா வள்ளிநாயகி ரப்பர் மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை பெற்றது. சாக்கில் சுற்றித் தூக்கி வந்தது. எல்லாம் என் வார்த்தை. முடிவு மட்டும் அவன் வார்த்தை. கிராணி தன் காரில் அக்காவை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். "என் தாத்தா சொன்னது" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

எந்தக் கார்? அவர் அன்றைக்குச் செய்தது, வேலை முடிந்து ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு நேரத்தோடு வரவில்லை என்று, பிள்ளையோடு வந்து நின்ற அக்காவின் பேரைக் கூலிப் பட்டியலில் வெட்டியதுதான். மலேசியா உண்டான வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. அக்காவின் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை மூன்றாம் நாள் போனது.

நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

19 நவம்பர்

வீடியோவுக்குக் கீழே புனிதா உண்மையை எழுதினாள். அதற்கு ஒருவன்: "கைநாட்டு ஆளு பிளாக் எழுதுறாராம்லா! காப்பி அடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாம்?" கூட முன்னூறு பேர் சிரித்து வைத்திருக்கிறார்கள்.

வாய் விட்டுப் படிக்காதே என்றேன். படித்துவிட்டாள்.

3 டிசம்பர், ஞாயிறு

புனிதாவின் யோசனை. நம் வலைப்பூவிலேயே ஒரு தனிப் பக்கம். மேலே என் படம், பெயர், என்னைப் பற்றி ஒரு வரி. அதன் கீழே பொத்தான்கள் — பேஸ்புக், யூடியூப், டிக்டாக், வாட்ஸப், எதை அழுத்தினாலும் நான் இருக்கிற இடத்துக்குப் போகும். அந்தப் பக்கத்தின் முகவரியை எல்லா இடத்திலும் 'பயோ'வில் ஒட்டிவிட்டால், யார் அசல் என்று யாரும் கேட்க வேண்டியதில்லையாம்.

"ரெடிமேடா செஞ்சு குடுக்கிற கம்பெனிங்க இருக்குப்பா. ஆனா நாளைக்கு அவன் கடைய மூடுனா நம்ம பேரும் போயிரும். நம்ம வீட்டுலயே வச்சுக்குவோம்லா."

சரியென்று பட்டது. லயத்தில் இருந்தவனுக்கு இது தெரியும்.

ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. கடைசியில் சொன்னேன்: "மூணாம் டிவிஷன் சன்னாசி. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறவன்."

யார் பார்த்தது, யார் சாட்சி என்று கேட்பானே? அதனால் இன்னும் ஆறு பொத்தான் போடச் சொன்னேன். அக்கா ஒன்று. அன்றைக்குப் பெரட்டில் நின்ற ஐந்து பேர் — முருகையா, அவர் பெண்சாதி, வேலை வாங்குகிற மண்டோர் புவனேஸ்வரன், தண்ணீர் தூக்குகிற இரண்டு பேர். எல்லோரும் செத்தாயிற்று. அழுத்தினால் பிள்ளைகளின் வாட்ஸப் திறக்கும்.

"ஐயோ ப்பா, இது கல்யாணப் பத்திரிகையா, எல்லாரு பேரையும் போட? அவங்கள ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"எதுக்குக் கேக்கணும்? ஒரே கூரை. ஒரு வீட்டுல அடுப்பு எரியலன்னா ஆறு வீட்டுக்குத் தெரியும். அதுங்க அப்பன் ஆத்தா கண்ணால பாத்தது."

முனகிக்கொண்டே போட்டாள். பக்கம் அழகாகத்தான் இருந்தது. என் முகத்தை விரலால் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

9 டிசம்பர்

முருகையா மகன் ஷங்கர் கூப்பிட்டான். நீலாயில் எஞ்சினியர். "மாமா, யார் யாரோ மெசேஜ் பண்றாங்க. அப்பா அம்மா பேர எடுத்துருங்க. என் ஆபிஸ்ல யாருக்கும் நான் எஸ்டேட்டுன்னு தெரியாது."

உங்க அப்பாதான்டா பிள்ளையைப் புதைக்கக் குழி வெட்டினது என்றேன்.

"அதான் மாமா. அதெல்லாம் எதுக்கு இப்ப?"

ஒரே நாளில் இரண்டு பொத்தான் போயிற்று.

12 டிசம்பர்

மண்டோர் மகள் விமலா. "கேக்காம எப்படி என் நம்பரப் போட்டீங்க, பெரியப்பா? போலீஸ் ரிப்போர்ட் பண்ணட்டுமா?"

கேட்டிருக்க வேண்டுமாம். அந்தப் பெண் எங்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தது. கேட்டுவிட்டா தின்றது?

புனிதா அந்தப் பொத்தானையும் எடுத்துவிட்டாள். சொன்னேனே என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

1 ஜனவரி 2024

தண்ணீர் தூக்கினவர்களின் பிள்ளைகளும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒருத்தி ஸ்மைலி போட்டுச் சொன்னாள்.

அக்காவின் பொத்தான் மட்டும் நிற்கிறது.

16 ஜனவரி

பொங்கலுக்கு அடுத்த நாள். கெமாஸிலிருந்து மகேந்திரன் வந்தான். அக்காவின் இளைய மகன். உட்காரவில்லை.

"மாமா, எங்கம்மா காட்டுல பெத்தாங்கன்னு ஊரே படிக்கணுமா? எம் பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குறோம். அந்தக் கிராணி பேரனாச்சும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதாச் சொல்றான். கேக்க நல்லா இருக்கு. அதயே விட்டுருங்களேன்."

கேக்க நல்லா இருக்கா? டேய், அந்தப் பிள்ள உனக்கு அண்ணன்டா! சாக்குல ரத்தம் சொட்டச் சொட்ட எங்கக்கா மூணு மைல் நடந்துச்சுடா! — இதில் பாதியைத்தான் அவனிடம் சொன்னேன். மீதி இப்போது வருகிறது.

அவன் போனதும் பொத்தானை எடுக்கச் சொன்னேன். அம்மா அவனுடையவள்.

17 ஜனவரி

பக்கத்தை மொத்தமாக அழித்துவிடு என்றேன். "தைப்பூசம் முடியட்டும்ப்பா" என்கிறாள். என்னை ஆற விடுகிறாள்.

28 ஜனவரி, ஞாயிறு

தெரியாத நம்பர். பெண் குரல், வயதான குரல்.

"சன்னாசியோ? நான் பராசக்தி. கிராணியாற்ற மகள். சிரம்பான்ல இருக்கிறன்."

அப்பனுக்குப் பெரட்டுக் களத்துக்கு பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுவந்து, குடைக்குக் கீழே நிற்குமே, வெள்ளைச் சப்பாத்து போட்ட பெண். என்னைவிட ஒரு வயது சின்னது. அண்ணன் மகன் போட்ட வீடியோவை அது பார்த்ததாம். அதன் கீழே என் பேரைச் சொல்லி ஏசியிருந்ததைப் பிடித்து, தேடி, என் பக்கத்துக்கு வந்து, வாட்ஸப் பொத்தானை அழுத்தினதாம்.

வையத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "சொல்லுங்க" என்றேன், வெடுக்கென்று.

"எங்களிட்டக் காரே இருக்கேல்லை. சைக்கிள்தான். அப்பாதான் பேர் வெட்டினவர். நான் பக்கத்தில நிண்டனான். உங்கட அக்கா என்னைத்தான் பாத்தவ."

அறுபது வருஷமா எங்க போயிருந்தீங்க என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ? கேட்டுவிட்டேன்.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே."

நானும்தான் கேட்கவில்லை. சாட்சி என்று ஆறு பேரை எண்ணினபோது குடைக்குக் கீழே நின்றவளை எண்ணவே இல்லை.

"என்ர பேரைப் போடுங்கோ. நம்பரையும் போடுங்கோ. தமையன்ட மகன் கோவிச்சாக் கோவிக்கட்டும்."

4 பிப்ரவரி

நிஷாந்தன் இன்னும் வீடியோவை எடுக்கவில்லை. அறுபதாயிரம் ஆகிவிட்டது. அத்தையோடு பேச்சை மட்டும் நிறுத்திவிட்டானாம்.

இன்று புனிதா பக்கத்தைச் சரி செய்தாள். பேஸ்புக், யூடியூப், டிக்டாக், வாட்ஸப். அதற்குக் கீழே ஆறு பேர் இருந்த இடத்தில் ஒரே ஒரு பொத்தான். இந்தத் தடவை கேட்டுவிட்டுப் போட்டது. எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. என்ன எழுதட்டும் என்று கேட்டாள். அன்றைக்கு அந்தக் களத்தில் நின்றவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருக்கிற ஒரே ஆளின் பேரைச் சொன்னேன்.

பராசக்தி சிவசிதம்பரம்.