ஏரிக்கரைக் காற்றாடியும் நான் சொன்ன பொய்யும்

வடக்குப்பட்டு
9-11-2025, ஞாயிறு

அன்பு மகள் மதிவதனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நடமாட்டமாக, கை கால் சுகத்தோடு இருக்கிறேன். நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் காய்ச்சல் சளி அண்டாமல், நைட் டியூட்டி முடிந்ததும் நன்றாகத் தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் மாரியம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அதுதான் தொந்தரவு. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. உன்னோடு வேலை செய்யும் பென்னலூர் சுபஸ்ரீ லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறாளாம், பருப்புப் பொடி, கறிவடகம், நீ கேட்ட மருதாணிப் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி, பஸ்ஸில் வைத்துப் படிக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஏரி முக்கால் நிரம்பிவிட்டது. பின்பக்க அறைகள் இரண்டிலும் ஒடிசாப் பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள், வல்லம் வடகாலில் ஏதோ டயர் கம்பெனியில் வேலை, தங்கமான பிள்ளைகள். சாயங்காலம் அவர்கள் தங்கள் அம்மாக்களிடம் போனில் பேசுவது எனக்குக் கேட்கும், ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் துணி மடிப்பது மாதிரி அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்கள் எல்லாம் போன பிறகு நம் தெருவில் நாய்கூட இருக்காது. போன மாதம் ஒருநாள், படுக்கும்போது யோசித்துப் பார்த்தேன், அன்று பகல் முழுக்க நான் பேசிய பேச்சு பால் கடையில் “ஒரு பாக்கெட் குடுப்பா” என்றது மட்டும்தான். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, நீ போய் ஆறு வருடம் ஆகிறது, நான்தான் போகச் சொன்னேன். அங்கே உன் பிழைப்பு நன்றாக இருக்கிறது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உனக்குப் புரியாது.

ஏரிக்கரைக் காற்றாடி விஷயம் உனக்குப் பாதி தெரியும். நீ பிறப்பதற்கு முந்தின வருடப் புயலில் நின்றுபோன இரும்புக் காற்றாடி, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து மாட்டுத் தொட்டிக்கு விட்டது. நீ நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது ஆறுமுகநயினார் சார் அதை ஓடவைக்கிறேன் என்று கிளம்பினாரே, அப்போது பதினாலு பேர் சேர்ந்தார்கள். அவர் நான் வேலை செய்த செருப்பு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மனைவி போய் இருபது வருடம், பிள்ளை குட்டி கிடையாது, நம் ஊரிலேயே வாடகைக்கு இருந்தார். பம்புக்குள் தோல் வாஷர் போட வேண்டும், தோல் வெட்டத் தெரிந்தவர் வேண்டும் என்று கட்டிங் செக்ஷனில் இருந்த என்னைக் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன், பதினோரு வருடம் போனேன். முதல் இரண்டு வருடம் வேலிகாத்தான் முள்ளை வெட்டியே கை கிழிந்தது. அப்புறம் துரு சுரண்டினோம். காணாமல் போயிருந்த தகடுகளில் மூன்று ஒரு ஆட்டுக் கொட்டகையின் கூரையில் கிடைத்தன, மற்றதை அடித்துச் செய்தோம். பஞ்சாயத்து அனுமதிக்கு ஒன்றரை வருடம். கொரோனாவில் இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. சக்கரத்தின் பேரிங்குக்காக சார் புதுப்பேட்டை பழைய இரும்புக் கடைகளுக்கு எத்தனை நடை நடந்தார் தெரியுமா. நடுவில் ஒவ்வொருவராகக் கழன்றார்கள், ஒருவருக்கு ஞாயிறும் ஓ.டி., ஒருவர் நிலத்தைக் கொடுத்துவிட்டுச் செங்கல்பட்டுக்குக் குடிபோனார், இரண்டு பேர் செத்தே போனார்கள். கடைசியில் நின்றது சார், ஷேர் ஆட்டோ ஓட்டும் டில்லிபாபு, நான், மூன்றே பேர்.

வாஷர் என் பொறுப்பு. ஷூவுக்கு மேலே போடுகிற மெத்துத் தோல் அதற்கு உதவாது என்பதே எனக்கு நாலைந்து வீணான பிறகுதான் விளங்கியது. ஆம்பூரிலிருந்து கெட்டித் தோல் வரவழைத்து, தண்ணீரில் ஊறவைத்து, நம் வீட்டுச் சில்வர் டம்ளரை அச்சாக வைத்து அமுக்கிக் கிண்ணம் மாதிரி ஆக்கி, காய்ந்த பிறகு எண்ணெயில் போட்டு வைப்பேன். சார் கையில் வாங்கி விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு “சரியா இருக்கும்மா” என்பார். அவ்வளவுதான் பேச்சு. சில ஞாயிறுகளில் நாலு மணி நேரம் வேலை செய்திருப்போம், பத்து வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டோம். ஆனால் மதி, அந்த நாலு மணி நேரமும் நான் தனியாக இல்லை. ரிட்டயர் ஆன இந்த இரண்டு வருடத்தில் வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஆடியில் அது ஓடியது. நல்ல காற்று. காற்றாடியின் வால் தகட்டைக் கட்டியிருந்த கயிற்றை டில்லிபாபு அவிழ்த்துவிட்டதும் சக்கரம் மெதுவாகக் காற்றைப் பார்த்துத் திரும்பியது, ஒரு முனகல் முனகியது, சுற்ற ஆரம்பித்துவிட்டது. பம்புக் கம்பி ஏறி இறங்குகிறது, குழாயில் ஒன்றும் வரவில்லை. நான் எண்ணிக்கொண்டே நின்றேன், நாற்பது தாண்டியும் வரவில்லை, என் வாஷர்தான் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் செங்கல் நிறத்தில் குபுக்கென்று தண்ணீர் வந்தது பார், டில்லிபாபு சட்டையோடு போய்க் குழாய்க்குக் கீழே உட்கார்ந்துகொண்டான். “யக்கா, வந்துகினே கீதுக்கா!” என்று கத்துகிறான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கேட்க, பார்க்க ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை, ரோட்டில் கார் ஏற்றிய லாரிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. உனக்குப் போன் போட்டேன், நீ டியூட்டியில் இருந்தாய்.

மூன்று வாரம் கழித்து, டில்லிபாபு சவாரிக்குப் போன நேரம், சார் குழாயடியில் கை கழுவிக்கொண்டே, ஊரில் அவருடைய அண்ணன் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார் என்றார். “பாக்கதுக்கு ஆளில்ல, நான் போயாவணும்” என்றார். நான் ஐயோ பாவம் என்றேன். அவர் குழாயைப் பார்த்தபடியே “நீங்களும் எங்கூட வாரியளா?” என்று கேட்டார். முதலில் எனக்குப் புரியவில்லை, அண்ணனைப் பார்த்துவிட்டு வரக் கூப்பிடுகிறார் என்று நினைத்து எத்தனை நாளைக்கு என்று கேட்டுவிட்டேன். “இனிமே அங்கேயே இருந்துரலாம்னு சொல்லுதேன். முறையா கோயில்ல வச்சு, நாலு பேர் பாக்கத்தான்” என்றார். அறுபத்தெட்டு வயது மனிதர், அவர் காது சிவந்துவிட்டது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் பதறிப்போய், “எம் பொண்ணு ஒத்துக்க மாட்டா சார். இந்த வயசுல உனக்கு இது இன்னாத்துக்குன்னு கேப்பா. அவ மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?” என்றேன். அவர் துண்டால் கை துடைத்துக்கொண்டார். “பிள்ளை மனசுதான் பெரிசு” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆவணிக் கடைசியில் கிளம்பினார். நான் வழியனுப்பப் போகவில்லை. டில்லிபாபுதான் ஒரு பெட்டியும் ஒரு பையுமாகத் தாம்பரத்தில் ஏற்றிவிட்டு வந்தான். “படப்பை வரிக்கும் வெளியவே பாத்துகினு வந்தாருக்கா” என்றான். அன்றைக்கு நான் சோறு பொங்கவில்லை.

இப்போது நிஜத்தைச் சொல்கிறேன். நீ அப்படியொரு வார்த்தை சொன்னதே இல்லை. சொல்லவும் மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன்னை நான் கேட்கக்கூட இல்லை. பயந்தது நான். உன் அப்பா நாலு வருடம் படுக்கையில் கிடந்தபோது உனக்கு விவரம் போதாது, அவர் போகும்போது உனக்கு ஏழு வயது. அந்த நாலு வருடம் நான் செய்ததை எல்லாம் இன்னொரு வீட்டில், இன்னொரு படுத்த மனிதருக்குச் செய்ய வேண்டிவருமே என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அதற்கும் மேலே, அவர் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது மதி, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் ரொம்பப் பயந்தேன். தப்பிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, தூரத்தில் இருக்கிற உன்னைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டேன்.

போன ஞாயிறு காற்றாடி சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை. வாஷர் தேய்ந்துவிட்டது. மழை விட்ட நேரத்தில் நானும் டில்லிபாபுவும் சக்கரத்தைக் கட்டிப்போட்டுவிட்டுக் கம்பியை உருவியெடுத்து, புது வாஷர் போட்டு இறக்கினோம், தண்ணீர் வந்துவிட்டது. அதைச் சொல்ல சாருக்குப் போன் செய்தேன். அவர் போன பிறகு அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அண்ணன் இப்போது கைத்தாங்கலாக உட்காருகிறாராம். அப்புறம் “உங்க பொண்ணு சௌக்கியமா இருக்காளா? பனி நேரம்லா, பாத்து இருக்கச் சொல்லுங்க” என்றார். நீதான் தடுத்தாய் என்று நம்பிக்கொண்டிருக்கிற மனிதர், உன்மேல் துளி வருத்தமில்லாமல் கேட்கிறார். போனை வைத்துவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். செய்யாத குற்றத்தை உன் தலையில் கட்டி, அதற்கு மன்னிப்பும் வாங்கிக்கொடுத்துவிட்டேனே.

அதனால் டில்லிபாபுவிடம் சொல்லி டிக்கெட் போட்டுவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் ரயில், மறுநாள் காலை வள்ளியூரில் இறங்க வேண்டும், அங்கிருந்து அவர் ஊர் பணகுடிப் பக்கம். அங்கே பனையைவிட உயரமான காற்றாடிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும் என்பார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பார், அவரைப் பார்த்ததும் நான் வேறு ஏதாவது உளறிவிடுவேன். வீட்டுக்குப் போய், அது என் மகள் சொன்ன வார்த்தை இல்லை, நான் சொன்னது என்று சொல்லப்போகிறேன். அதற்கு மேலே என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது. அவர் மனம் மாறியிருக்கலாம், அண்ணன் குடும்பம் ஏதாவது சொல்லலாம், நானே அந்த வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாலும் வரலாம்.

இதைப் படித்ததும் சரி என்றோ வேண்டாம் என்றோ எனக்குச் சொல்லிவிடாதே. கோபம் வந்தால் திட்டு, அது வேறு. உன் பதிலை ஒரு தடவை உன்னைக் கேட்காமலே நான் செலவழித்துவிட்டேன். இந்தத் தடவை முதலில் என் வாயால் என் பதிலைச் சொல்லிவிட்டு வருகிறேன். அப்புறம் உன்னிடம் முறையாகக் கேட்பேன், அப்போது மனதில் பட்டதைச் சொல்.

நீ நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல், உனக்கென்று ஒரு துணையோடு நன்றாக வாழ வேண்டும். காலுக்கு உறை போடாமல் அந்தத் தரையில் நடக்காதே. வெள்ளி, சனி இரண்டு நாளும் எனக்குப் போன் கிடைக்கவில்லை என்றால் பதறி அக்கம்பக்கத்துக்கு எல்லாம் போன் போடாதே, அம்மா ரயிலிலோ அந்த ஊரிலோ இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னை என்றும் நினைத்திருக்கும் அம்மா
கிளியம்மாள்