கைத்தடியின் தேயாத ரப்பர்

இன்று வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி பத்து நிமிடம். அலவத்துகொடயில் நம் வீட்டிலிருந்து சந்தி வரைக்கும் ஒரு மனிதர் உட்காரக்கூடிய இடங்கள்: பூச்சியம்.

வாப்பா, கதவுக்குப் பின்னால் நின்ற உங்கள் கைத்தடியை, நீங்கள் கண்மூடிய பிறகு இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அடி ரப்பர் வாங்கியபடியே இருக்கிறது. நான் இயந்திரவியல் படித்தவன். தேய்மானத்தைப் பார்த்தே ஒரு பொருள் எவ்வளவு உழைத்தது என்று சொல்லிவிடுவேன். இது உழைக்கவே இல்லை.

பாதையை அகலமாக்குவதற்கு முன் சில்லறைக் கடைக்கு முன்னால் நாலைந்து பேர் உட்கார ஒரு சீமெந்து வாங்கு இருந்தது. பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகை முடிந்தால் மஃரிப் வரைக்கும் அது உங்கள் கூட்டத்தின் இடம். பிளேன்டீயும் வாய்ச்சண்டையும். நான் வேலை விட்டு வரும்போது தூரத்திலேயே உங்கள் சத்தம் கேட்கும்.

"இந்தா வாறாரு எங்கட இஞ்சினியர்! ஊட்டுல பைப்பு ஒழுகுது, இவரு ஃபெக்டரி திருத்திட்டு வாறாரு!"

வாங்கு முழுக்கச் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு வாங்கை உடைத்தார்கள். நம் வாசலுக்கு முன்னால் மழைத்தண்ணீர் ஓடும் கானை ஆழமாக வெட்டினார்கள். மூடி போடாமலே போனார்கள். நீங்கள் கேற்றடியில் நின்று கானைப் பார்த்தீர்கள். "நாளைக்குப் பாப்பம்" என்று திரும்பினீர்கள். அன்று அஸரை வீட்டிலேயே தொழுதீர்கள்.

அதற்குப் பிறகு ஊரே உங்களுக்கு நல்லது செய்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கடைக்கார நானா காலைச் சாப்பாட்டுப் பாணை வீட்டுக்கே அனுப்பினார். மீன்காரர் கேற்றுக்குள் வந்து வெட்டிக் கொடுத்தார். "ஹாஜியார் என்னத்துக்கு கஷ்டப்படணும், நாங்க ஈக்கிறோமே!" மரியாதையில் ஒருவரும் குறை வைக்கவில்லை. நீங்கள் வெளியே போக ஒரு காரணத்தையும் மிச்சம் வைக்கவில்லை.

சத்தம் போனது. சாப்பாடு குறைந்தது. டொக்டர் மனச்சோர்வு என்று குளிசை தந்தார். அதில் பிழை இல்லை, கொஞ்சம் தேறினீர்கள். ஆனால் வாசலில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் "வயசுதானே" என்றார்கள். வாங்கு இருந்தபோதும் உங்களுக்கு அதே வயதுதான்! மாறியது பாதை.

"கொஞ்சம் நடந்துட்டு வருவோம், வாப்பா" என்று ஒருநாள் இந்தத் தடியை வாங்கிவந்து கூப்பிட்டேன்.

"போய் எங்க மகன் குந்துற?" என்றீர்கள்.

நான் தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.

இன்று உம்மா எதிர்வீட்டுச் சாச்சியிடம் போகப் புறப்பட்டார். கேற்றடியில் நின்றார். கானைப் பார்த்தார். "நாளைக்குப் பாப்பம்" என்று உள்ளே வந்து திரையை இழுத்து மூடினார். அதே சொல், வாப்பா. அதே இடம். இன்னொரு முறை இதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது.

ஆகவே:

1. நாளைக் காலை கானை அளந்து, வாசலுக்குக் கொங்கிறீட் மூடி வார்ப்பேன். பிரதேச சபைக் கந்தோரில் யாராவது கேட்டால் கையோடு கூட்டி வந்து கானைக் காட்டுவேன். மூடி இறுகும் வரை பொறுத்திருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

2. பாண் அனுப்ப வேண்டாம் என்று நானாவிடம் சொல்வேன். கோபிப்பார். கோபிக்கட்டும். கடைச் சுவரோரம் ஒரு வாங்கு போட இடமும் கேட்பேன்.

3. சாச்சி வீட்டுப் பலாமரத்தடியில் பெண்களுக்கு இன்னொரு வாங்கு. சாய முதுகு, எழும்பக் கைப்பிடி.

4. பைப்பு. இன்னும் ஒழுகுகிறது.

5. இந்தத் தடியை உம்மாவின் கையில் கொடுப்பேன். ரப்பர் தேயத் தேய மாற்றிக்கொடுப்பேன்.