மூன்று நொடிக் காத்திருப்பு

இன்று காலை எட்டு மணிக்கு, நீ செய்துகொடுத்த மாத்திரைப் பெட்டி இரண்டு முறை உறுமியது. அடுப்படியில் நின்ற எனக்கு அது கேட்டது. அப்பா பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சர்வோ மோட்டார் ஒருமுறைதான் திரும்ப வேண்டும், கிண்ணத்தில் ஒரு மாத்திரைதான் விழ வேண்டும். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் உள்ளங்கையில் இரண்டு இரத்தக்கொதிப்பு மாத்திரைகள்.

“ரெண்டு விழுந்துச்சு அம்மிணி. டாக்டர் சேத்திப் போடச் சொன்னாரா?”

பிடுங்கிய வேகத்தில் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. தப்பு என்னுடையது. ஞாயிறுதோறும் அறைகளை நிரப்பும்போது, ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் பெட்டி மூன்று நொடி மரம் மாதிரி நிற்கும். எனக்கு ஏது பொறுமை? நேற்று புரோகிராமைத் திறந்து, காத்திருக்கச் சொல்லும் அந்த வரியைத் தூக்கிவிட்டேன். பக்கத்தில் ‘அப்பா கை’ என்று நீ எழுதியிருந்த குறிப்பையும் சேர்த்து. என்னவோ கிறுக்கியிருக்கிறாய் என்று நினைத்தேன்.

நீ வேலையை விட்டுப் போய் எட்டு மாதம். தொழிற்சாலையில் என் பக்கத்தில் இருந்த உன் மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மண்டி மொஹல்லா சந்து எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு பொத்தான் வாங்குவதற்கு முப்பது பொத்தான்களை அழுத்திப் பார்த்தவள் நீ. கடைக்காரர் முறைத்தார். வெட்கத்தில் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். “பேடாடி, அவசரப்படுத்தாதே. தினமும் அப்பா அழுத்தப் போறது இது” என்றாய், உன் கன்னடம் கலந்த தமிழில்.

மைக்ரோகன்ட்ரோலரையும் திரையையும் பொருத்தி முடித்து, அப்பா முதன்முதலாக அழுத்தியபோது, திரையில் எண் மாறியதைப் பார்த்து நான் கைதட்டினேன். நீ திரையைப் பார்க்கவேயில்லை. மடிக்கணினியை இழுத்து ஒரு வரி சேர்த்தாய்.

“மூணு செகண்ட் வெயிட் வெச்சிருக்கேன். எடுத்துடாதே, ஆயித்தா?”

ஏனென்று நான் கேட்கவில்லை.

இன்று காலை மாத்திரைகளைப் பிடுங்கிய பிறகு, அறைகளைக் காலியாக்கிவிட்டு அப்பாவை மறுபடி அழுத்தச் சொன்னேன். இந்த முறை அவர் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் பொத்தானில் பட்டு, விலகி, தானாகவே மறுபடி பட்டது.

“எப்போருந்துப்பா இப்படி நடுங்குது?”

“அது ரெண்டு வருசமா இருக்குதம்மிணி. அந்தப் புள்ளைக்குத் தெரியுமே.”

தினமும் அவர் தட்டில் சோறு போடுகிறவள் நான். நாளை அவரை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். இன்னும் எதையெல்லாம் பார்க்காமல் இருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறதடி. அந்த வரியைத் திரும்ப எழுதிவிட்டேன். பக்கத்தில், நீ எழுதியிருந்தபடியே, ‘அப்பா கை’.