கீழ்த்தட்டில் இருந்து எடுத்த ஒன்பது புடவைகள்

என் தங்க அப்பாவுக்கு,

நீங்க எங்கே இருந்தாலும் இதை உடனே படிச்சிடுங்க. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா தூங்குறாங்க. எழுந்தால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன் அப்பா.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லணும். நீங்க போன பிறகு ஆள் வரவு குறைந்துவிட்டது. வருஷா வருஷம் நம்மிடம் துணி எடுத்தவர்கள் இப்போது போனிலேயே எடுக்கிறார்கள். வீடு பூட்டியிருந்தால் அந்தப் பார்சலை நம் கடையில்தான் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்! அம்மாவும் மறுக்காமல் வாங்கி வைக்கிறாங்க. பார்சல் எடுக்க வந்த டீச்சரிடம், "உள்ள என்ன டீச்சர், சுடிதாரா?" என்று ஒருநாள் கேட்டாங்க. "ஆமாக்கா, உங்க கடையில இந்த மாடல் இருக்காதுன்னு..." என்று இழுத்தார் டீச்சர். அதே மாடல் டீச்சரின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து செல்போன் கடை மாமா நம் கடையையும் கேட்கிறார். "இனிமே துணியெல்லாம் போன்லதான்க்கா. அந்த போனை நான்தான் விக்கிறேன். பேசாம என்கிட்ட விட்டுடுங்க" என்கிறார். அம்மா தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்காங்க.

அதனால்தான் நான் ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சில புடவைகளை விரித்து, விலை சொல்லி வீடியோ எடுத்து, கடை நம்பரில் ஸ்டேட்டஸ் வைத்தேன். முதல் வாரம் நம் தாய்மாமா பொண்ணு மட்டும் ஒரு பூப் படம் அனுப்பினாள். அப்புறம் திருவையாற்றில் இருந்து ஒருவர் கேட்டார், பிறகு இன்னொருவர். அம்மா சாப்பிடும்போதுகூட போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாங்க. நீங்க அதைப் பார்த்திருக்கணும்.

போன ஞாயிறு சிங்கப்பூரில் இருந்து அமுதா அக்கா பேசினாங்க. பூதலூர்க்காரங்க. அவங்க தங்கச்சி கவிதாவுக்கு இந்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு. "வளையல் போடுற ஒன்பது பேருக்கும் ஒரே கலர்ல வேணும் பாப்பா. இப்பல்லாம் அப்படித்தானே, போட்டோவுல நல்லா இருக்கும்" என்றாங்க.

அம்மா சரக்கு எடுக்கக் கும்பகோணம் போயிருந்தாங்க. கடை முழுக்கத் தேடியும் ஒரே மாதிரி ஒன்பது இல்லை. கடைசியில் கீழ்த்தட்டில், போர்வை போட்டு மூடிய ஒரு கட்டு கிடைத்தது. கடுகு மஞ்சள், அரக்குக் கரை. படம் அனுப்பிய உடனே அக்கா சரி சொன்னாங்க. சாயங்காலமே அவங்க சித்தப்பா வந்து வாங்கிப்போனார். அம்மா வந்ததும், "ஒன்பது புடவை வித்துட்டேன்" என்று குதித்தேன். எது என்று அம்மா கேட்கவில்லை. கன்னத்தைக் கிள்ளினாங்க.

இன்று சாயங்காலம் ஒரு பெரியவர் வந்தார். "கோடிக்கு ஒரு புடவை வேணும்மா." வழக்கம்போல அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாங்க. போர்வையை இழுக்கும் சத்தம் கேட்டது. "இங்க ஒரு கட்டு இருந்துச்சே?" என்ற குரலும் கேட்டது. நான் விற்ற கட்டு அதுதான்.

கோடி என்றால் என்ன என்று எனக்கு உங்களால்தான் தெரியும் அப்பா. உங்க மேல் மாமாக்கள் ஒவ்வொருவராகப் புது வேட்டி போர்த்தினார்களே, அன்றுதான் அந்த வார்த்தையைக் கேட்டேன். நம் கடையில் அதற்கென்று தனித்தட்டு இருப்பது தெரியாது. அப்படிக் கேட்டு யார் வந்தாலும் என்னை உள்ளே அனுப்பிவிடுவீங்களே! போகிறவர்களுக்கும் நல்லதாக இருக்கட்டும் என்றுதான் அவ்வளவு அழகான புடவையாக வாங்கினீங்களா?

வயிற்றுப்பிள்ளைக்காரியைச் சுற்றி ஒன்பது பேர் அதைக் கட்டிக்கொண்டு நிற்கப்போகிறார்கள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் நம் கடைக்கு யார் வருவார்கள்? அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

*

வியாழன் இரவு.

சொல்லிவிட்டேன் அப்பா. நேற்றுக் காலை அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சொன்னேன். முகத்தைப் பார்க்க வேண்டாமே.

"அந்தக் கீழ்த்தட்டுக் கட்டை நான்தான்மா வித்தேன்."

சீப்பு நின்றது. "யாருக்கு?"

"பூதலூர் வளைகாப்புக்கு."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. "யாருக்கும் தெரியாதும்மா, விட்டுடலாமா?" என்று அதையும் கேட்டுவிட்டேன்.

"அந்தப் பொண்ணு மாசமா இருக்காடி. நம்பரைப் போடு."

அம்மா சுற்றி வளைக்கவில்லை. "அமுதா, தப்பு எங்க மேல. அது கோடிக்குன்னு எடுத்து வச்ச புடவை. பொண்ணுக்குத் தெரியாம நடந்துடுச்சு. நான் மாத்திக் கொடுத்துடறேன்."

அமுதா அக்கா, "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? நாளைக்கு மறுநாள் விசேஷம். இனி ஆன்லைன்ல போட்டாலும் வந்து சேராதே" என்று அழுகிற மாதிரி கேட்டாங்க.

"நான் பக்கத்துலதானே இருக்கேன்? ஒரே மாதிரி ஒன்பது என்கிட்ட இல்லம்மா. ஆனா ஒன்பது பச்சை இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு பச்சை. வீட்டுக்கே எடுத்துட்டு வர்றேன், பாரு."

சாயங்காலம் மூட்டையோடு பூதலூர் பஸ் ஏறினோம். அங்கே அந்த மஞ்சள் கட்டு இன்னும் பிரிக்காமலே இருந்தது. கவிதா அக்காவின் அத்தை வாசலிலேயே, "வாங்கம்மா வாங்க! எங்க ஒன்பது பேரையும் ஒரேயடியா அனுப்பப் பாத்தீங்களே!" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் அழுதுவிட்டேன். "அடி அசடே, இங்க வா" என்று கவிதா அக்காதான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாங்க.

தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்தோம். அமுதா அக்கா அதற்குள்ளிருந்து, "அந்தக் கிளிப்பச்சையை வெளிச்சத்துல காட்டு பாப்பா" என்றாங்க. இங்கே பெண்கள் கரையைத் தடவிப் பார்த்தார்கள், தோளில் போட்டுப் பார்த்தார்கள், ஒருத்தி கையில் இருந்ததை இன்னொருத்தி பிடுங்கினாள். நாற்றுப் பச்சைக்குச் சண்டையே நடந்தது. ஒன்பதும் போனது. வளைகாப்புக்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்து வீட்டு அக்காக்கள் வந்து இன்னும் நாலு எடுத்தார்கள்.

கிளம்பும்போது ஒருவர் கேட்டார். "ஞாயித்துக்கிழமை செங்கிப்பட்டிக்கு வருவீங்களா? எங்க தெருவுல யாருக்கும் கடைக்கு வர நேரமில்ல. ஆனா தொட்டுப் பாக்காம வாங்கவும் மனசு வரல."

அம்மா என்னைப் பார்த்தாங்க. "இவ சனிக்கிழமை படம் அனுப்புவா. பிடிச்சதைச் சொல்லுங்க. அதோட பத்து சேர்த்து எடுத்துட்டு வர்றோம். பிடிக்கலேன்னா திருப்பி எடுத்துட்டுப் போறோம்."

இப்படி ஒரு திட்டம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். திரும்பி வரும்போது, "எப்பம்மா யோசிச்சே?" என்று கேட்டேன். "அவங்க கேட்டப்பதான்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாங்க. நீங்க போன பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

தீபாவளிக்குள் கடை தேறிவிடுமா? தெரியவில்லை அப்பா. பயம் முழுக்கப் போகவும் இல்லை. நாளைக் காலை வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது என்று அமுதா அக்கா சொல்கிறவரை எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் ஒரு வாக்கு தருகிறேன். இனி எந்தப் புடவையையும் அது யாருக்காக, எதற்காக வாங்கப்பட்டது என்று கேட்காமல் விரிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை செங்கிப்பட்டி போகும்போது அம்மாவை மூட்டை தூக்க விடமாட்டேன். பஸ்ஸில் இடம் கிடைத்தால் அம்மா உட்காரட்டும், நான் நின்றுகொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அம்மாவோடு கடைக்கும் ஊருக்கும் நடக்கிற உங்க மகள்