இழுத்துப் போட்ட ஃபோல்டர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனைக் கொடுத்தால்கூட வாங்க மாட்டேன் என்கிறாயாம். எழுதி அனுப்பினால் கையில் கொடுக்கிறேன் என்று உன் நண்பன் சொன்னான். அவன் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நீ வேலை விஷயமாக வெளியூர் போயிருப்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நம்பியதுபோல் நடிக்கிறாள்.

நம் ஆபீஸ் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் சென்டரில் நடந்தது புரிந்துவிட்டது. வரவேற்பறைப் பெண் ஒரு நோயாளியின் ஃபோல்டரை வேறு இடத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறாள். இப்படி இழுத்துப் போடும் வசதிக்காக நாம் எடுத்துச் சேர்த்த இலவச ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி மேல் குற்றமில்லை. அது திரையில் காட்டுவதோடு சரி. சர்வரில் நிஜமாக நகர்த்தும் வேலையை நாம்தான் எழுத வேண்டும். நீ நகல் எடுத்து, பிறகு பழையதை அழிக்கும்படி எழுதியிருந்தாய். நகல் முழுதாக வந்ததா என்று பார்க்கவில்லை. பெரிய படங்கள், பாதியில் நின்றுவிட்டன. அழிப்பது மட்டும் ஜோராக நடந்தது. பேக்கப்பும் அந்தப் பாதி ஃபோல்டரைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறது. முதலாளி என் தலையை உருட்டுகிறார், உருட்டட்டும்.

அந்த நோயாளி ஒரு டீச்சர். தலையில் கட்டி. பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்க முடியும் என்கிறார் டாக்டர். நேற்று டீச்சரின் கணவர் நம் ஆபீஸுக்கே வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். ஆபீஸில் நான் சொல்லிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டு, "உங்க தம்பிக்கு உடம்பு சரியில்லையாமே, இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது கேள். சோதித்துப் பார்க்கக் கொடுத்த டெமோ ஃபைல்கள் சின்னதாக இருக்கின்றன என்று சலித்துக்கொண்டு, நிஜப் படங்கள் சிலவற்றை உன் லேப்டாப்பில் இறக்கி இழுத்துப் பார்த்தாயே, அதில் டீச்சருடையதும் இருந்தது. நோயாளிகளின் படத்தை வெளியே எடுக்கலாமா என்று கத்தினேன். உடனே அழிக்கச் சொன்னேன். நீயும் சரி என்றாய். நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்? இதையும் கேட்டிருக்கக் கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எல்லாத்தையும் துடைச்சிடறேன்க்கா" என்று கடைசியாக அனுப்பியிருந்தாய். அதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். லேப்டாப்பைத்தான் சொன்னாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அழிந்த படங்களைச் சர்வரில் தேடும் வேலை நாளையோடு முடிகிறது. அடுத்த பஸ்ஸில் வருகிறேன். உன் லேப்டாப்பில் படம் இருந்தால் டீச்சருக்கு நல்லது. இல்லாவிட்டால் நாம் இரண்டு பேருமாகப் போய் அவர் கணவரிடம் சொல்வோம். நான் வரும்வரை எதையும் அழித்துவிடாதே. எதையுமே. கேட்கிறதா?

நீ நன்றாக இருந்தால் போதும் என்றிருக்கும்,
உன் அக்கா