எழுதிக்கொள்ளச் சொன்ன ஒரு வரி

வாயை மூடிக்கொண்டு இருந்ததெல்லாம் போதும். நீங்கள் இறந்து பதினொரு நாளாகிறது என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. நீதிமன்ற வேலை பார்க்கும் கான்ஸ்டபிள் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"எதிரி, அந்த லாரி டிரைவரு, எறந்துட்டாருங்க சார். நெஞ்சு வலியாமா. கேசு அத்தோட முடிஞ்சுதுங்க. வியாழக்கெழம நீங்க வர வேண்டியதில்ல."

வாய்தா நாளுக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருக்கிறேன். அதன் பையில் இருந்த துண்டுச் சீட்டில் வரும் வியாழக்கிழமையின் தேதி இருந்தது. உங்கள் கையெழுத்து. கிளார்க் அடுத்த தேதியை முணுமுணுத்துவிட்டு வேறு வழக்குக் கட்டை எடுத்துவிடுவார், காதில் விழாது. நீங்கள்தான் இரண்டு சீட்டில் குறித்து ஒன்றை என்னிடம் நீட்டுவீர்கள். என் தம்பியை லாரியில் அடித்துக் கொன்றவர் கையிலிருந்து, முகம் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன்.

ஐந்து வருடம் அந்த வராந்தாவில் நாம் உட்கார்ந்திருந்தோம். சுவரில் ஒட்டிய அன்றைய வழக்குப் பட்டியல் மூன்று தாளுக்கு நீளும். நம் வழக்கு எப்போதும் கடைசித் தாளில். மாஜிஸ்திரேட் மாறுவார், அரசு வக்கீல் விடுப்பில் போவார், வக்கீல்கள் நீதிமன்றத்தைப் புறக்கணிப்பார்கள். எல்லார் மீதும் எனக்கு ஆத்திரம். என் தம்பியின் பெயரைக் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சொன்ன அரசு வக்கீலம்மாவை இன்னும் மன்னிக்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் விடுப்பைக் கணக்குப் பார்த்த கல்லூரி முதல்வரையும்தான்.

உங்களுக்கோ சிரிப்பு வரும். "உக்காருங்க வாத்தியாரே, இன்னிக்கும் கூப்புட மாட்டாங்க. போற போக்கப் பாத்தா நம்ம ரெண்டு பேத்துக்கும் இந்தக் கோர்ட்டே பென்ஷன் குடுக்கோணும்" என்று நகர்ந்து இடம் விடுவீர்கள். நான் நின்றுகொண்டே இருப்பேன்.

போன வருடம் அரசு வக்கீல் அறையில் நம் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். வக்கீலம்மா முன்னால் கட்டுகள் மேசை தெரியாமல் குவிந்திருந்தன.

"குற்றப்பேரம்னு ஒரு வழி இருக்குங்க சார். இவரு தப்ப ஒத்துக்கறாரு, தண்டன கொஞ்சம் கொறையும். நீங்க சம்மதிச்சா இந்த மாசமே முடிஞ்சிரும். இல்லீன்னா சாட்சி விசாரிக்கவே எத்தன வருசமாகுமோ, எனக்கே தெரியாது."

"பேரம் பேச எந் தம்பி என்ன சந்தைக்கு வந்த வெங்காயமா?" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "திருப்பறப்ப நான் இன்னுங் கொஞ்சம் நின்னு பாத்திருக்கோணுமுங்க. அத ஒத்துக்கறேன். உள்ள போகச் சொன்னாலும் போறேன். ஒண்ணே ஒண்ணுதானுங்க. இவரு தம்பி வந்த வண்டில லைட்டு எரியல. அத மட்டும் எங்கயாச்சும் ஒரு வரி எழுதிக்குங்கம்மா."

"பொய்" என்று எழுந்துவிட்டேன். செத்தவன் மேலேயே பழி போடுகிறார், இவரோடு எனக்கு எந்தச் சமரசமும் வேண்டாம், தீர்ப்புதான் வேண்டும் என்று கத்தினேன். வக்கீலம்மா கட்டை மூடினார். நாம் மறுபடியும் கடைசித் தாளுக்குப் போனோம்.

அது பொய்யில்லை. தம்பி ஓட்டி வந்தது என் வண்டி. முன்விளக்கு பல்பு போய் ஒரு வாரமாகியிருந்தது. சாவியை வாங்கும்போது அவன் கேட்டான், "அண்ணா, லைட்டு போட்டுட்டியா?" "நாளைக்குப் போட்டுக்கலாம், இருட்டறதுக்குள்ள வந்துரு" என்றேன். பொழுது மசங்குகிற நேரத்தில், வெண்ணந்தூர் சாலையில், நீங்கள் மில்லுக்குள் லாரியைத் திருப்பினீர்கள். மோதியதில் விளக்கே நொறுங்கிப் போனது. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் எரிந்ததா இல்லையா என்று எதுவும் இல்லை.

அந்த அறையில் கத்திய பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பயந்துகொண்டேதான் வந்தேன். இன்று சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள், உங்கள் வக்கீல் விளக்கைப் பற்றிக் கேட்பார், என்ன சொல்வேன் என்று காலையில் சோறு இறங்காது. கிளார்க் வேறு தேதி சொன்னதும் மூச்சு வரும். வெளியே வந்து, இந்த நாட்டில் நீதியே கிடையாது என்று டீக்கடையில் நின்று பேசுவேன். அப்படிப் பேசியதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கடைசி வாய்தாவில் சீட்டை நீட்டும்போது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். "எம் பொண்ணு கேக்குதுங்க வாத்தியாரே. லைட்டு போட்டு வந்த வண்டி உனக்கு எப்பிடிப்பா தெரியாமப் போச்சு, குடிச்சிருந்தியான்னு. நான் என்ன சொன்னாலும் அது நம்ப மாட்டேங்குது. கூண்டுல ஏறுற அன்னிக்கு நீங்க என்னங்க சொல்லுவீங்க?"

நான் பேருந்து வந்துவிட்டது என்றேன். "சரி உடுங்க" என்றீர்கள். பேருந்து எதுவும் வரவில்லை. அது உங்களுக்கும் தெரிந்தது.

இனி என்னை யாரும் கூண்டில் ஏற்றப்போவதில்லை. நேற்று போனை வைத்ததும் முதலில் வந்தது நிம்மதி. அதுதான் இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை. தீர்ப்பு வேண்டுமென்று நான் பிடித்த பிடிவாதத்தில் உங்களுக்கு எந்தத் தீர்ப்பும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் தன் அப்பாவைக் குடிகாரர் என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்துவிடுவாள்.

ஆகவே அம்மா, இந்தக் கடிதத்தைப் பிரிப்பது அவர் மகளான நீயாகத்தான் இருக்கும். வண்டியில் விளக்கு எரியவில்லை. உன் அப்பா குடித்திருக்கவில்லை. அன்று விபத்து நடந்த இடத்துக்கு ஓடி வந்து அவர் பக்கத்தில் நின்றேன், சாராய வாடையே இல்லை. அவர் உன்னிடம் சொன்னதெல்லாம் உண்மை.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். தம்பி மனைவியின் நட்டஈட்டு வழக்கு இன்னும் நடக்கிறது, விளக்கில்லை என்று தெரிந்தால் அவளுக்கு வரும் தொகை குறைந்துவிடும். அந்த வண்டிக்கு விளக்கில்லை என்று அவளுக்கும் தெரியாது. அவளையும் பிள்ளைகளையும் காரணம் காட்டுகிறேன், பயமும் இருக்கிறது. எழுதியது யாரென்று நீ ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாய். நேரில் வந்து கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்கு மேல் இன்று என்னால் முடியவில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.